நாலாம் இலக்கக் கண்ணாடி

வெள்ளவத்தை கிளினிக்கில்
கடைவாய்ப்பல்லின் பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியை
சனிக்கிழமைகளில் இரத்மலானைக்குக் கொண்டுபோகிறேன்.
கைப்பையில், உதட்டுச்சாயத்துக்குப் பக்கத்தில்.

இறக்கையின் அடிவயிற்றில் ஒரு சின்ன மூடி,
எட்டுத் திருகாணி.
இம்தியாஸ் கழற்றிக் கழற்றி
பழைய ஐஸ்கிறீம் டப்பாவில் போடுகிறான்.
ஒன்று குறைந்தாலும் வீட்டுக்குப் போக முடியாது
என்பது எங்கள் சட்டம்.
ஒருமுறை இரவு ஒன்பது மணிவரை தேடினோம்,
அவன் செருப்பின் அடியில் ஒட்டியிருந்தது.

மல்லாந்து படுக்கிறேன்.
வாயைத் திற என்று சொல்லத் தேவையில்லாத
ஒரே நோயாளி.

இரண்டு மரப்பெட்டிகளில் துறைமுகத்துக்கு வந்தது இது.
சுங்க அதிகாரி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"இது விளையாட்டுச் சாமானா மிஸ், வாகனமா?" என்றார்.
அப்போது எனக்கும் தெரியாது.
களுபோவில கராஜில் நாலு வருடம்,
பதினோராயிரம் ரிவெட்.
ஒவ்வொன்றுக்கும்
பக்கத்து வீட்டு மிஸிஸ் வீரக்கொடி
ஜன்னல் சாத்திய சத்தம் ஒன்று உண்டு.

கடல் ஒரு மைல்கூட இல்லை.
உப்பு எதையும் அவசரப்பட்டுத் தின்பதில்லை.
அலுமினியத்தில் வெள்ளைப் பொடியாய்த் தொடங்கும்,
பல்லில் தொடங்குகிற மாதிரியே
வலி இல்லாத இடமாகப் பார்த்து.

பருத்தித் துணியை கேபிளில் சுற்றி இழுக்கிறேன்.
இழை அறுந்திருந்தால் துணி சொல்லும்.
சொல்லவில்லை.
கப்பி சுழல்கிறது.
டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
(நோயாளிகளிடம் செய்யாதே என்கிற காரியம்)
கண்ணாடியைச் சாய்க்கிறேன்.

கோட்டை மதில்போல் வெட்டிய நட்.
அதன்மேல் செம்மஞ்சள் பெயின்ற் கோடு,
நேராக, அழகாக.
போல்ட்டின் துளை வழியே
வெளிச்சம் அந்தப் பக்கம் போனது.

ஸ்பிளிட் பின் இல்லை.

கண்ணாடியைச் சட்டையில் துடைத்து
இன்னொரு தரம் பார்த்தேன்.
துளை துளையாகவே இருந்தது.

இம்தியாஸ் பதிவேட்டைப் புரட்டினான்.
பக்கம் நாற்பத்தொன்று, வலது இறக்கை:
'பூட்டிச் சரிபார்க்கப்பட்டது.'
கீழே என் கையெழுத்து.

ஞாபகம் வந்தது.
அன்றைக்குக் கரண்ட் போனது.
பல் பிடுங்கிய ஒருவர், இரத்தம் நிற்கவில்லை என்று
தொலைபேசியில் அழுதார்.
பஞ்சைக் கடியுங்கள், கடியுங்கள் என்றபடி
வீதிக்குப் போய்விட்டேன்.
திரும்பி வர வெளிச்சமும் வந்தது.
கையில் தூரிகையை எடுத்தேன்.

அதன்பிறகு முப்பத்தொரு மணித்தியாலம் பறந்திருக்கிறோம்.
சிலாபம். புத்தளம் உப்பளத்தின் மேலாக.
ஒருமுறை மழைக்கு ஒதுங்கி கொக்கல வரை.
ஒருமுறை இம்தியாஸின் மகள் ஷஸ்னா,
வலது பக்க இருக்கையில்,
நீர்கொழும்புக் களப்பைப் படமெடுத்தபடி.
அத்தனை திருப்பத்திலும்
அந்த நட் தன்பாட்டில் இருந்திருக்கிறது.
எங்களுக்காக அல்ல.

நல்ல காலம் என்று சொல்ல வாயெடுத்து
மூடிக்கொண்டேன்.

அவன் ஏசியிருக்கலாம்.
குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறவன்,
மூன்று பாஷையிலும் ஏசத் தெரிந்தவன்.
பின் ஒன்றை நீட்டினான்.
"நீயே போடு."

போட்டேன்.
ஒரு காலை மேலே மடித்தேன், மற்றதைக் கீழே.
கை நடுங்கவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.

பதிவேட்டில் 'காரணம்' என்றொரு கட்டம்.
மின்வெட்டு என்று எழுதினேன். வெட்டினேன்.
தொலைபேசி. அதையும் வெட்டினேன்.
மிச்சமிருந்த இடம் கொஞ்சம்தான்,
என் பெயருக்குப் போதும்.
இன்று பறப்பு இல்லை என்று
அவன் அடியில் எழுதினான்.

பிறகு, நான் கேட்காமலே,
இடது இறக்கைக்குப் போனான்.
அது அவன் பூட்டியது, அவன் கையெழுத்திட்டது.
டப்பாவில் திருகாணி விழத் தொடங்கிற்று:
ஒன்று, இரண்டு.
கண்ணாடியை நீட்டினேன்.
வாங்கவில்லை.
"நீ பார்" என்றான்,
முகத்தை ஓடுபாதைப் பக்கம் திருப்பிக்கொண்டு.

மறுபடி மல்லாந்து படுத்தேன்.